பாயில் கிடந்து நான் வென்ற கோப்பை

நனைந்த தோற்பந்தை வெறுங்காலால் உதைக்கிற சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம் போலத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மூச்சு நேரம் சனம் முழுக்க வாயடைத்து நிற்பதும், பிறகு ஒன்றாக இரைவதும் இருக்கிறதே, அதைக் கேட்டே பந்து எங்கே போனது என்று சொல்லத் தெரிந்தவள் நான். எங்கள் கோல் என்றால் சத்தம் மேலே போய் அங்கேயே நிற்கும். கம்பத்தில் பட்டுத் திரும்பினால் மேலே போன சத்தம் உடைந்து விழும். எதிராளி அடித்துவிட்டால் சத்தமே இராது, வாவிப் பக்கமிருந்து கொக்குகள் கத்துவதுதான் கேட்கும். எனக்குப் பத்து வயதான அந்த ஒரு பருவம் எங்கள் ஊர்க் கல்லூரியின் உதைபந்தாட்டத்தை நான் இப்படிக் காதால்தான் பார்த்தேன். மைதானத்துக்கும் எங்கள் வீட்டு வளவுக்கும் நடுவே ஒரு குறுகிய மண் ஒழுங்கையும் இரண்டு வேலியும்தான் இருந்தன. ஆனாலும் போக விடமாட்டார்கள். நான் வீட்டுக்குள் பாயில் கிடந்தால்தான் கல்லூரி வெல்லும் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

கல்லூரி என்று பெயர் பெரிது. ஓட்டுக் கட்டடம் ஒன்று, ஓலைக் கொட்டில் இரண்டு, வாவிக்கரையோடு ஒரு மைதானம், அவ்வளவுதான். ஆனால் ஒரு காலத்தில் பட்டணத்துக் கல்லூரிகளை வென்று கோப்பை கொண்டுவந்த அணி அங்கே இருந்ததாம். நான் பிறக்கிற காலத்துக்கு அந்தப் பொடியன்கள் எல்லாரும் மீசை வைத்துக் கலியாணம் முடித்து, வயலுக்கும் தோணிக்கும் போய்விட்டார்கள். பிறகு வந்தவர்கள் தோற்றார்கள், அவர்களுக்குப் பிறகு வந்தவர்களும் தோற்றார்கள், கடைசியில் பதினொரு பேர் சேராமல் அணியே இல்லாமல் போயிற்று. அப்போதுதான் பட்டணத்திலிருந்து ஒரு விளையாட்டு மாஸ்டர் மாற்றலாகி வந்தார். மெலிந்த மனிதர், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். பதினைந்து பதினாறு வயதுப் பொடியன்களைப் பொறுக்கி எடுத்து, விடியப்புறத்தில் வாவிக்கரை ஈரமணலில் ஓடவிட்டார். மீன் வாங்க வருகிற சனம் மீனை மறந்து நின்று பார்க்கும். கோலுக்கு நிற்க என் அண்ணனைத் தெரிந்தெடுத்தார். அண்ணன் அப்பாவோடு தோணியில் போய் வலை எறிந்து பழகியவர், கை நீளம், விழப் பயமில்லை.

மாஸ்டர் ஊரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சந்தியில் சைக்கிள் திருத்துகிற கந்தப்பு மாமாவின் கடையடியில் நின்று, ஆட்களை வைத்துக்கொண்டு அதைச் சொன்னாராம்: "முதல் வருசம் ஓடப் பழகட்டும். ரெண்டாம் வருசம் பந்தைப் பழகட்டும். மூண்டாம் வருசம் கோப்பையைப் பத்திக் கதைப்பம்." கந்தப்பு மாமா பழைய அணியில் ஆடியவர். சைக்கிள் பம்பால் கல்லூரிப் பந்துக்குக் காற்று அடித்துக் கொடுப்பவர் அவர்தான் என்பதால், அணியில் பன்னிரண்டாவது ஆள் தானே என்று நினைத்துக்கொண்டிருந்தவர். திரும்பக் கோப்பை வருமட்டும் தாடி எடுக்கமாட்டேன் என்று அம்மன் கோயிலில் நேர்ந்திருந்தார். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "மூண்டு வருசமா? அதுக்குள்ள இது மண்ணில முட்டிரும் மாஸ்டர்" என்றாராம். நின்ற எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். மாஸ்டரும் சிரித்திருக்கிறார். ஆனால் ஊர் பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த வருடமே கோப்பை வேண்டும் என்றுதான் இருந்தது.

முதல் இரண்டு ஆட்டமும் வெளியூரில் நடந்தன, இரண்டும் தோல்வி. மூன்றாம் ஆட்டத்துக்கு நாலு நாள் முன்பு எனக்கு "அம்மாள்" போட்டது. கொப்பளம் போடுகிற அந்த வருத்தத்தை நாங்கள் வருத்தம் என்று சொல்லுவதில்லை, அம்மாள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் சொல்லுவோம். வாசலில் வேப்பங்குழை கட்டி, பாயில் வெள்ளைச் சீலை விரித்து என்னைப் படுக்க வைத்தார்கள். வீட்டில் எண்ணெய் காயவிடவில்லை, கறி தாளிக்கவில்லை, எனக்குத் தலை வாரி இழுக்கவில்லை. நான் அப்படிக் கிடந்த அன்றைக்குத்தான் எங்கள் கல்லூரி ஒரு கோல் அடித்து வென்றது. அண்ணன் ஒரு பந்தையும் உள்ளே விடவில்லையாம். பின்னேரம் கந்தப்பு மாமா வேலிக்கு வெளியே நின்று, உள்ளே வராமல், அம்மாவிடம் சொன்னது எனக்குப் பாயிலிருந்தே கேட்டது. "தங்கச்சி, அம்மாள் இருக்கிற வீட்டுப் பொடியன் கோலுக்குள்ள நிண்டிருக்கிறான். பந்து எப்படிப் போகும்?"

எனக்குச் சுகமாகித் தண்ணீர் வார்த்துப் பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டேன். அடுத்த ஆட்டத்துக்கு முதல் நாள் மாமா மறுபடியும் வந்தார். பிள்ளையை நாளைக்குப் படுக்கப் போடு என்று அம்மாவிடம் கேட்டார். அவளுக்குச் சுகம் வந்திட்டுதே அண்ணன் என்றார் அம்மா. "சுகம் வந்தா என்ன, படுக்கலாந்தானே" என்றார் மாமா. அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிர்த்தாமல், ஊருக்காக ஒரு பகல் கிடந்தால் குறைந்தா போவாள் என்றார். அதோடு முடிந்தது. அன்றும் வென்றார்கள்.

முதலில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பெண்கள்கூட எனக்கு நாவற்பழம் கொண்டுவந்து தந்தார்கள். ஆட்ட நாளில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலாவது கறி தாளிக்கிற மணம் எழும்பாது, எனக்காக. ஆனால் சுகமான உடம்போடு காலையிலிருந்து பொழுது சாயும்வரை மல்லாக்கப் படுத்துக் கிடந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். முதுகு பாயோடு ஒட்டிவிடும். எழும்பி இருந்தால் அம்மா, "சரியாப் படு புள்ள, கொண்ணன் விளையாடுறான்" என்பார். காலையில் ஒருதரம், ஆட்டம் தொடங்கமுன் ஒருதரம், கந்தப்பு மாமா வேலி வாசல் கடப்படிக்கு வந்து வேப்பங்குழை வாடாமல் இருக்கிறதா, நான் உள்ளே கிடக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போவார். மாஸ்டர் ஒருநாள் அவரை மறித்து, பிள்ளை படுக்கிறதுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். மாஸ்டர் வேதக்காரர், அவருக்கு இதுகள் விளங்காது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசில் இருந்ததெல்லாம் ஒன்றுதான். அண்ணன் பாய்ந்து பந்து பிடிக்கிறதை ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது, ஒரே வயிற்றில் பிறந்த நான் பார்க்கவில்லை. ஒருதரம் பார்த்துவிட வேண்டும்.

கடைசிப் போட்டியும் எங்கள் மைதானத்தில்தான் வந்தது. பட்டணத்துக் கல்லூரி லொறியில் வந்து இறங்கியது. ஊர் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நின்றது. அம்மாவும் பெற்ற வயிறல்லவா, பொறுக்க ஏலாமல், முன்கதவுக்கு வெளியால் கொண்டி போட்டுவிட்டு ஒழுங்கை மூலைமட்டும் போனார். சமைக்கிற குசினிக்குச் சுவர் இல்லை, பின்னிய தென்னோலைக் கிடுகு மறைப்புத்தான். அடிக்கிடுகைத் தூக்கிப் புகுந்து வெளியே வந்தேன். மைதானத்தின் வடக்குக் கோலுக்குப் பின்னால், வாவித் தண்ணீருக்குள் கண்ணா மரங்கள் அடர்ந்து நிற்கும். முழங்கால் தண்ணீரில் இறங்கி அதற்குள் போய் நின்றேன்.

இருபது அடிக்கு முன்னால் அண்ணனின் முதுகு. நாங்கள் ஒரு கோல் முன்னுக்கு நிற்கிறோம் என்று ஆட்களின் கத்தலில் விளங்கியது. ஒரு பந்து கோலுக்கு மேலால் வந்து தண்ணீரில் விழுந்து என்னிடம் மிதந்து வந்தது. எடுக்க இறங்கிய அண்ணன் என்னைக் கண்டார். அவருக்கு முகம் வெளிறிவிட்டது. போ என்று அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார்: "வந்தது வந்திட்டாய். இனி விசில் ஊதுமட்டும் அசையாத."

பாயில் அசையாமல் கிடந்தவள் பிறகு சேற்றில் அசையாமல் நின்றேன். காலில் ஏதோ ஊர்ந்தது, குனியவில்லை. ஆனால் பார்த்தேன். முடியப்போகிற நேரம் பட்டணத்துப் பொடியன் ஒருவன் தனியே வந்து மூலைக்கு அடித்தான். அண்ணன், தோணியில் நின்று வலை எறிகிறபோது உடம்பு ஒரு பக்கமாய்ச் சாயுமே, அப்படிச் சாய்ந்து, நிலத்தை விட்டெழும்பி, நீட்டிய விரல் நுனியால் அந்தப் பந்தைத் தட்டிவிட்டார். எத்தனையோ வருடம் போய்விட்டது, அந்தச் சாய்வு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

விசில் ஊதியதும் ஓடிவந்து கிடுகைத் தூக்கி உள்ளே புகுந்து பாயில் விழுந்தேன். ஊர் பறையடித்துக்கொண்டு எங்கள் வளவுக்குள் வந்தது. முதலில் ஓடிவந்து கொண்டி எடுத்தவர் அம்மா. என் காலில் முழங்கால்மட்டும் கறுத்த சேறு. அம்மா பார்த்தார். வெள்ளைச் சீலையை இழுத்துக் காலை மூடிவிட்டு விலகி நின்றார். கந்தப்பு மாமா அழுதுகொண்டு வந்து, தன் கழுத்து மாலையை எடுத்து எனக்குப் போட்டு, கோப்பையைப் பாயில் என் பக்கத்தில் வைத்து, "இது உன்ட கோப்பை, மகள்" என்றார். மறுநாள் தாடி எடுத்துவிட்டு வந்தார், அடையாளம் தெரியவில்லை. அணியைப் படம் பிடித்தபோது என்னை நடுவில் இருத்திக் கோப்பையை மடியில் தந்தார்கள். மாஸ்டர் ஓரத்தில் நின்றார்.

ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பாயிலிருந்து அன்றே எழும்பியிருப்பேன். சொல்லவில்லை. ஊரே மாலை போடுகிறபோது, இது எனக்குரியதில்லை என்று கழற்றிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடமும் கிடக்க வேண்டிவரும் என்று தெரிந்துகொண்டே மாலையைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் வந்தது. முதல் வருடமே கோப்பை எடுத்தவர்களுக்கு இனி ஒரு கோலும் போகக்கூடாது என்று ஊர் கதைத்தது. முதல் ஆட்ட நாளில் நான், போன முறை ஏய்த்ததற்கு ஈடாக, தண்ணீர் குடிக்கவும் எழும்பாமல் கிடந்தேன். மூன்று தரம் கொக்குகள் கத்துவது கேட்டது. பொழுது படுகிற நேரம் கந்தப்பு மாமாவும் பத்திருபது பேரும் கடப்படிக்கு வந்தார்கள். மாஸ்டரும் பின்னால் வந்தார். அண்ணன் முற்றத்தில் இருந்து கணுக்காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை வெளியே வந்ததா என்று மாமா கேட்டார். இல்லை என்றார் அம்மா. வராமல் எப்படி மூன்று கோல் போகும் என்றார் மாமா. வேலியடியில் நின்ற ஒருத்தி, வாவிப் பக்கம் ஒரு சட்டை தெரிந்தது போலிருந்தது என்றாள். செய்ததற்கு ஏச்சு வாங்கலாம், செய்யாததற்குக் கள்ளி என்று பெயர் எடுக்க என்னால் ஏலாது. எழும்பி முற்றத்துக்கு வந்தேன்.

"இந்த முறை நான் அசையல்ல மாமா. போன வருசம் கோப்பை வென்ற அண்டைக்குத்தான் போனன். கண்ணாவுக்குள்ள நிண்டு பாத்தன்."

மாஸ்டர்தான் முதலில் வாய் திறந்தார். "அப்ப இந்தப் புள்ள நிண்டும் வென்றிருக்கிறம், கிடந்தும் தோத்திருக்கிறம். இனியாவது அவளை விடுங்க." எனக்கு நெஞ்சு இலேசாகிவிட்டது. இனி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

கந்தப்பு மாமா மழித்த தாடையைத் தடவினார். "அதுதான் விசயம். அம்மாள் ஒரு வருசம் பொறுத்துப் பாத்திருக்கா" என்றார். வந்தவர்கள் எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். இப்போது எல்லாம் அவர்களுக்குச் சரியாகிவிட்டது. உனக்குத் தெரியுமா தம்பி என்று அண்ணனைக் கேட்டார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் துணியை அவிழ்க்கிற கையைப் பார்த்துக்கொண்டு, "தெரியா" என்றார். அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அதை நான் பிறகு விளங்கிக்கொண்டேன். அன்றைக்கு விளங்கவில்லை.

அதன்பிறகு என்னைப் பாயில் போடவில்லை. மைதானத்துப் பக்கம் தலை காட்டக்கூடாது என்று மட்டும் சொன்னார்கள். ஒழுங்கையில் நான் நடந்தால் பொடியன்கள் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார்கள், நான் கடந்த பிறகுதான் உதைப்பார்கள். அந்தப் பருவம் முழுக்கத் தோல்விதான். ஊர் ஒன்றுகூடி மாஸ்டர் மேல் மேலிடத்துக்கு ஒரு "பெட்டிசம்" எழுதியது. வருடம் முடியமுன் அவர் மாற்றலாகிப் போனார். அவர் கேட்ட மூன்றாம் வருடம் வரவேயில்லை. நான் கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்ற பிறகும், ஆட்டம் தோற்றால் யாராவது ஒரு கிழவர் என்னைக் காட்டி ஏதாவது சொல்லுவார். நானும் வீம்புக்காரி, அதன்பிறகு ஓர் ஆட்டத்துக்கும் போகவில்லை.

சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் மைதானத்தில் புல்தான் வளர்ந்தது. விளையாட வேண்டிய பொடியன்கள் எங்கெங்கோ போனார்கள், சிலர் திரும்பவில்லை. இப்போது கல்லூரியில் மறுபடியும் ஓர் அணி சேர்த்திருக்கிறார்கள். இளம் மாஸ்டர், அவரும் கொஞ்சம் பொறுங்கள் என்கிறாராம். இந்த வருடமே கோப்பை வேண்டும் என்று பஸ் தரிப்பில் நின்று கதைக்கிறார்கள். போன மாதம் மருமகனிடம் சொல்லி மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய், மைதானத்துச் சீமெந்துப் படியில் உட்கார்ந்தேன். கண்ணாக்கள் இல்லை, அணை கட்டியிருக்கிறார்கள். சைக்கிள் கடை இருந்த இடத்தில் போன் கடை. அண்ணன் இல்லை, அம்மா இல்லை, கந்தப்பு மாமா இல்லை, கடப்படிக்கு வந்த பத்திருபது பேரில் ஒருவரும் இல்லை.

எங்கள் பொடியன்கள் இரண்டு கோல் வாங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் வெயிலுக்கு என்று நினைத்திருப்பார்கள். எழும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒருதரம் வந்தது. போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் சனம் மத்தியஸ்தரைத் திட்டியது, மாஸ்டரைத் திட்டியது, கோலுக்கு நின்ற பிள்ளையைத் திட்டியது. எல்லாரையும் திட்டி முடியும்வரை நான் அந்தப் படியிலேயே இருந்தேன். என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.