வீட்டுக்காரர் கையெழுத்து

கீழ்வேளூருக்குத் தெற்கே, வாய்க்கால் கரையோரம் பதினோரு குடிசைகள். ஏழாவது வேம்புவுடையது. நடவில் அவளுக்கு ஈடு கொடுக்க ஆள் கிடையாது. பேச்சில் மோத யாருக்கும் துணிச்சல் கிடையாது. அப்படிப்பட்டவளின் வாயை ஒரு தாளில் இருந்த ஒற்றை வரி அடைத்தது.

எழுபத்திரண்டில் அவள் இரண்டாம் முறை உண்டாகியிருந்தாள். முதல் பிள்ளை, இரண்டு நாள் வலிக்குப் பிறகு குடிசையிலேயே மூச்சில்லாமல் பிறந்தது. அவள் பிழைத்ததே பெரும்பாடு. அந்த வருஷம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் ரோஸ் நிறத்தில் பிரசவச் சீட்டு கொடுத்தார்கள். பரிசோதனைக்கு ஒரு துண்டு, பிரசவத்துக்கு ஒன்று, குழந்தையின் ஊசிக்கு ஒன்று. கிழித்துக் கொடுத்தால் போதும், காசு கேட்கமாட்டார்கள். ஆனால் விண்ணப்பத்தில் ஒரு வரி: வீடு சொந்தமென்றால் பட்டா, இல்லையென்றால் வீட்டுக்காரர் கையெழுத்து. வெளியூர்க்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போகக்கூடாதாம். வயிற்றைப் பார்த்துத் தரவேண்டிய சீட்டுக்கு வீட்டைப் பார்க்கச் சொன்ன புத்தியை என்னவென்று சொல்ல?

குடிசைகள் நின்றது மிராசுதார் சிங்காரவேலுவின் நிலத்தில். சட்டம் வந்த நாளுக்கு முன்பிருந்தே குடியிருந்தவர்களுக்கு மனை சொந்தம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் எழுதிக் கொடுத்த மனுவில் வேம்புவின் புருஷன் வீரையனும் கைநாட்டு வைத்திருந்தான். விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது.

புருஷனுக்குத் தெரியாமல் வேம்பு தாளோடு மிராசுதாரின் களத்துக்குப் போனாள். சிங்காரவேலு சிரித்த முகமாகத்தான் வாங்கினார். இரண்டு வரி எழுதிப் படித்துக் காட்டினார்.

"போன தை மாசத்துலேருந்து என் தயவுல குடியிருக்காங்க. சரிதானே? கீழ கைநாட்டு வச்சுடு."

"நான் வாக்கப்பட்டு வந்தே ஆறு வருஷம் ஆச்சுங்க ஐயா."

"அப்படின்னா வேற யார்கிட்டயாவது வாங்கிக்க."

சட்டம் வந்தது அந்தத் தைக்கு முந்தின வருஷம் என்பது வேம்புவுக்குத் தெரியும். கட்டைவிரலில் மை தடவும்போது என்ன கொடுக்கிறாள் என்பதும் தெரியும். உள்ளே பிள்ளை அசைந்தது. வைத்துவிட்டாள்.

பொன்னுத்தாய் கால் முன்னே வந்து பிறந்தாள். குடிசையில் என்றால் இரண்டு பேரும் போயிருப்பார்கள் என்றார் டாக்டர். அடுத்த மாதம் விசாரணையில் அந்தத் தாளின் நகலை மிராசுதாரின் வக்கீல் எடுத்து நீட்டினார். பத்து வீட்டுக்குப் பட்டா வந்தது, ஏழாவதுக்கு வரவில்லை. வீரையன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மகளைத் தோளை விட்டு இறக்காதவன், சாகிறவரை அந்த வீட்டுக்கு ஒரு கீற்றுகூட மாற்றவில்லை. கூரை ஒழுகினால் வேம்புதான் ஏறினாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் சிங்காரவேலு ஆள் அனுப்புவார்: "இந்த வருஷமும் இருந்துக்கச் சொன்னாங்க."

இருபது வருஷம் கழித்து, சங்கத்தைப் பிடித்து வேம்பு மறுபடி மனு போட்டாள். விசாரணைக்குத் தேதி வந்த வாரம், பொன்னுத்தாய் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து சேர்ந்தாள். கால் இரண்டும் வீங்கி, விரல் வைத்தால் குழி விழுந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே ரோஸ் சீட்டு.

"அம்மா, வீட்டுக்காரர் கையெழுத்து கேட்டிருக்கான். யார்கிட்ட வாங்கணும்?"

மறுபடியும் அந்தக் களம், அந்தச் சிரிப்பு. ஆறாவது வீட்டு ரெங்கம்மாள் வேலியோரம் கேட்டுக்கொண்டு நின்றாள். தன் குடிசைக்குள் போய்ப் பட்டாவை எடுத்துவந்தாள்.

"எங்க வீட்டுல இருக்கான்னு எழுதச் சொல்லு. நான் கைநாட்டு வைக்கிறேன்."

"தலைப்பிரசவத்துக்கு வந்த பொண்ணு. அடுத்த வீட்டுப் பேர்லயா?"

"பின்ன எந்த வீட்டுப் பேர்ல, வேம்பு?"

இந்த இருபது வருஷத்தில் தெருவில் யாரும் வேம்புவிடம் இதைக் கேட்டதில்லை. மகளிடம் அவளும் அந்தக் கைநாட்டைப் பற்றிச் சொன்னதில்லை.

"எழுது" என்றாள் மகளிடம்.

பொன்னுத்தாய் எழுதினாள்: குடியிருப்பது ரெங்கம்மாள் வீடு. ஏழாவது வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் எழுதினாள். வேம்பு தாளைப் பார்க்காமல், மகளின் வீங்கின காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பிடித்துவிட்டாள்.