பத்தியத்தால் சரியாயிற்று என்று சொன்னேன்

இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். இடுப்பு வலி இப்போது அவ்வளவாக இல்லை. எழுந்ததற்குக் காரணம் அது அல்ல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் நான் திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியன். இடுப்பில் தொடங்கி இடது குதிகால் வரை இழுக்கும் வலி. நாற்காலியில் பத்து நிமிடம் தரிக்க மாட்டேன். வகுப்பில் நடந்துகொண்டே இருப்பேன். சாக்பீஸ் கீழே விழுந்தால் குனிந்து எடுக்க முடியாது.

ஊர் வைத்தியர் பத்தியம் வைத்தார். உப்பு, புளி, கத்தரிக்காய், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கருவாடு எதுவும் கூடாது; புழுங்கலரிசிக் கஞ்சியும் பயற்றம்பருப்பும்தான். அவர் வீட்டு பெஞ்சில் வலிக்காரர்கள் நாங்கள் காத்திருப்போம்.

"புளியை வுட்டேன், பாதி வலி பூடுச்சி," என்பார் முட்டி வீங்கிய வெல்ல மண்டிக்காரர்.

"மீதி பாதி எதை வுட்டா போவும்? சோத்தையேவா?" என்பார் தோள் வலியோடு வரும் வண்டிக்காரர். "எனக்கு அமுக்கி நீவி வுட்டாத்தான் கேக்குது. இவரு கையே வைக்க மாட்டேங்கிறாரு."

"கை வச்சா அன்னிக்கு நல்லாருக்கும். வாய்வு உள்ளதான இருக்குது?"

இரண்டு மாதம் உப்பில்லாமல் தின்றும் எனக்கு ஒன்றும் குறையவில்லை. வண்டிக்காரர் ஒருநாள் என்னைத் தனியே அழைத்தார். விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் நீவி விடுவதில் கெட்டிக்காரர் என்றார்.

"ஆனா சேரி ஆளு. உங்க வூட்ல ஒத்துக்குவாங்களா வாத்தியாரே?"

வீட்டில் சொல்லவில்லை. எங்களுடையது நிலம் வைத்திருந்த குடும்பம். அண்ணனுக்குத் தெரிந்தால் வாசலோடு நிறுத்தியிருப்பார். சனிக்கிழமைதோறும் பாசஞ்சரில் விழுப்புரம் போனேன். ஷெட்டுக்குப் பின்னால் காலிச் சாக்குகளை விரித்து, அவர் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்வார். வெதுவெதுப்பான விளக்கெண்ணெயைத் தேய்த்து, கட்டைவிரலால் நரம்பு நரம்பாகத் தேடிப் போவார்.

"பத்தியமா? அதெல்லாம் வாணாங்க. நல்லா கேப்பைக் கூழு குடிச்சி, கருவாடு கடிச்சிக்கினு வாங்க. உடம்புல சதை இருந்தாத்தான் என் கைக்கு வேலை."

"வலிக்குதே."

"நீங்க பசங்கள அடிக்கிறப்ப அவங்களுக்கு வலிக்கலியா வாத்தியாரய்யா?"

திரும்பும்போது ஸ்டேஷன் குழாயில் கை கால் கழுவிக்கொள்வேன். எண்ணெய் வாடை போகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். பிறகு பிளாட்பாரத்தில் இரண்டு மசால் வடை தின்பேன். நான்காவது சனிக்கிழமை கழிந்து, திங்களன்று வகுப்பில் குனிந்து சாக்பீஸை எடுத்தேன்.

எப்படிச் சரியாயிற்று என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பத்தியம் என்றேன்.

என் அண்ணிக்கு அப்போது வலது தோள் இறுகிப்போயிருந்தது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. தலைமுடியைத் தானே வாரிக்கொள்ள முடியாமல் மகளைக் கூப்பிடுவார். ஒருநாள் அடுக்களை வாசலில் நின்று என்னைக் கேட்டார்.

"தம்பி, நெசமாவே சோத்துலதான் சரியாச்சா?"

"ஆமாம் அண்ணி. உப்பை மட்டும் தொடாதீங்க."

ஏழு மாதம் தொடவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒருமுறை கிணற்றடியில் மயங்கி விழுந்தார். கை எட்டும் உயரம் முன்னிலும் கீழே இறங்கியது. பத்தியம் பலிக்காவிட்டால் குற்றம் சாப்பிடுகிறவர் மேல்தான் விழும். அண்ணன் ஒருநாள் கேட்டே விட்டார்.

"திருட்டுத்தனமா உப்பு தின்னுக்கினு இருக்கிறியா? அவனுக்குக் கேட்டது உனக்கு மட்டும் ஏன் கேக்கல?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் எழுந்து தெருக்கோடி வரை நடந்து, நின்று, திரும்பி, மறுபடியும் நடந்தேன். அன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் விழுப்புரம் போவதை மட்டும் விடவில்லை. இரண்டு வருடம் போனேன்.

யுத்த காலத்தில் அண்ணன் காலமானார். அடுத்த வருடம் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதும் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அவர் முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பொம்பளைங்களுக்கு யாரு நீவுறது?"

"அவர் வீட்டுக்காரம்மா."

"நான் போயிருப்பேன், தம்பி. போவ மாட்டேன்னு நீயா நெனைச்சிக்கினியா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இப்பவாச்சும் போய் அந்தம்மாவக் கூட்டிக்கினு வா" என்றார்.

மறுநாளே போனேன். கூட்ஸ் ஷெட்டில் எல்லாம் புது முகங்கள். நீவி விடுகிறவரைத் தேடுகிறேன் என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.

"பேரு என்னங்க? எத்தினியோ பேரு வர்றான், போறான். பேரச் சொன்னா விசாரிக்கலாம்."

என் பெயர், என் பள்ளி, என் பிள்ளைகள் எல்லாம் நீவி விட்டவருக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் அவர் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்ப சேரியில போய்க் கேளுங்க," என்று மேஸ்திரி கை காட்டினார்.

தண்டவாள ஓரமாகப் பாதி தூரம் நடந்தேன். குடிசைகள் தெரிந்தன. ஒரு பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, யாரோ வருகிறார்களே என்று என்னைப் பார்த்தாள். பாசஞ்சருக்கு நேரமாயிற்று என்று திரும்பிவிட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டார்.

"இருக்காங்களா?"

"ஊரை விட்டுப் போயிட்டாங்களாம் அண்ணி," என்றேன்.

அதையும் அவர் நம்பினார்.