அவுக பேருள்ள மரம்

இதை எழுதலாமா, கூடாதா என்று பல வருஷங்கள் தயங்கிவிட்டேன். ஊரார் காது கேட்க அம்மா அப்பாவின் பெயரைச் சொன்ன கதை இது. அதைப் பெற்ற மகளே அச்சில் ஏற்றலாமா என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் சின்ன வயசில் நக்கிப் பார்த்த, கழிமுகத்துக் கண்டல் மர இலையின் உப்பு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. குழம்புக்கு உப்புப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கரிப்பு வந்து நின்றுகொள்கிறது.

எங்களுக்கு ஏரல். அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். சிதம்பரத்து நடராஜரை வேண்டிப் பிறந்ததால் தில்லைநாயகம் என்று பெயர். விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, கோயிலைச் சுற்றி வந்த பிறகுதான் அவருக்குக் காப்பித் தண்ணி. அப்படிச் சுற்றுகிற கால் ஒன்றில், முழங்காலுக்குக் கீழே, வண்டிச் சக்கரம் உரசிய புண் ஆறாமல் குழிந்துகொண்டே போயிற்று. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்க் காட்டியதில், காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கோயிலைச் சுத்துத காலை எடுத்துட்டு, அவுக எதை வச்சுச் சுத்துவாக?" என்று அம்மா அடுப்படியில் அழுதாள்.

அம்மா பிறந்தது ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில். அங்கே நாள்பட்ட புண்ணுக்குக் கண்டல் பட்டையைக் காய்ச்சிக் கழுவுவார்கள். அது நினைவுக்கு வந்ததும், அண்ணனைப் பார்க்க வண்ணார்பேட்டையிலிருந்து வந்திருந்த என் சித்தப்பாவிடம் கதவோரமாக நின்று சொன்னாள்:

"சேத்துல நிக்கும் தம்பி. வேரு ஆணி ஆணியா மேல பார்த்து முளைச்சிருக்கும். இலையை நக்குனா உப்புக் கரிக்கும், அதுதான் கண்டலு. பக்கத்துலயே அவுக பேருள்ள மரம் நிக்கும், பார்த்துக்கிடுங்க."

அங்கேதான் வந்தது வினை. புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பிய காலம் அது. சிதம்பரத்துக்குத் தில்லை என்றும் பெயர் என்பதால், அங்கிருந்து யாராவது திருநீறு கொண்டுவந்தால்கூட அம்மா "அவுக ஊருத் திருநீறு" என்றுதான் வாங்கிக்கொள்வாள். 'தில்லை மரம் நிற்கும், ஜாக்கிரதை' என்று அவள் சொன்னதை, 'அந்த மரத்தைத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சித்தப்பா எடுத்துக்கொண்டார். அண்ணன் பெயரில் மரம், அதுவும் சாமி பெயரில் மரம். மருந்து வேறு எதுவாக இருக்கும்!

மறுநாள் சாயங்காலம் ஒரு கட்டுக் கிளையோடு வந்து இறங்கினார். ஒரு கண் சிவந்து வீங்கியிருந்தது. உப்புக் காத்து என்றார்.

"படகுக்காரன் 'தொடாதீரும் வே, தொடாதீரும் வே'ன்னு கத்துதான் அண்ணாச்சி. மருந்து குடுக்க மனசில்லாத பய! நான் விடுவனா?"

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காய்ச்சுவதற்கெல்லாம் பொறுக்காமல் சித்தப்பா கிளையைப் புண்ணுக்கு மேலே பிடித்து ஒடித்தார். வெள்ளை வெளேரென்று பால் திரண்டது. சத்தம் கேட்டு வெளியே வந்த அம்மா திகைத்துப்போய், "ஐயோ, அது... அவுக..." என்று திணறினாள்.

"ஆமா மதினி, அவுக பேருள்ள மரமேதான்!" என்று சித்தப்பா சிரித்தார்.

"தில்லை! தில்லை! தில்லை!" என்று அம்மா அலறினாள்.

அந்த வாயிலிருந்து தம் பெயரை ஒருநாளும் கேட்டிராத அப்பா, கூப்பிட்டதாகவே நினைத்து, "என்னளா?" என்று காலை மடக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். பால் தரையில் சொட்டியது.

அந்தப் பால் புண்ணில் பட்டால் வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும் என்று அழுதுகொண்டே அம்மா சொன்னபோதுதான் சித்தப்பா தம் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். ஆண்டவன் புண்ணியத்தில் கண் பிழைத்தது.

பிறகு அம்மா யாரையும் நம்பவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு அவளே போனாள். கறுத்த சேற்றில் பூமியே மூச்சு வாங்குகிற மாதிரி வேர்கள் மேலே நீட்டிக்கொண்டு நின்றதையும், ஒரே சேற்றில் ஒரே உப்புத் தண்ணீரைக் குடித்து, புண்ணை ஆற்றுகிற மரமும் கண்ணைக் கெடுக்கிற மரமும் கிளை கலந்து நின்றதையும் பார்த்தேன்; அம்மா பறித்துத் தந்த கண்டல் இலையை நக்கியும் பார்த்தேன். அம்மா தில்லையை எட்ட நின்று கும்பிட்டாள். நஞ்சைத் தொண்டையில் வைத்திருக்கிறவன் ஊர்ப் பெயர் அந்த மரத்துக்குப் பொருந்தித்தானே இருக்கிறது.

கண்டல் பட்டைத் தண்ணீரில் கழுவக் கழுவப் புண் வறண்டு, பையச் சதை வைத்தது. மார்கழித் திருவாதிரைக்கு அப்பா தம் காலாலேயே கோயிலைச் சுற்றினார். பெயர் சொன்ன பாவம் தீர அம்மாவும் பின்னாலேயே சுற்றினாள். "சாமி பேரைத்தானளா சொன்னே?" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவள் அந்தப் பெயரைச் சொல்லவேயில்லை.

சமீபத்தில் அந்தக் கழிமுகத்துக்குப் போயிருந்தேன். உப்பளம் வந்துவிட்டது, கண்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது, தில்லை கண்ணில் படவேயில்லை. என் மருமகள் தன் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அவன் ஆயுசுக்கு ஒரு குறையும் வரவில்லை.

நான் வைத்தியம் அறிந்தவள் இல்லை, கண்டதைச் சொன்னேன். இதை நாலு பேருக்குச் சொல்கிறவர்கள் சொன்னபடியே சொல்லுங்கள். கண்டலோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் மரத்தின் பெயரையும் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.