வஞ்சரம் கொண்டுபோன வீடு

சினிமாவில் லஞ்சம் கொடுக்கப் போய் மாட்டிக்கொள்கிறவனைப் பார்த்தால் கொட்டகையே சிரிக்கும். எத்தனையோ ஊர்க் கொட்டகைகளில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். படத்தில் பெட்டி நிறைய நோட்டு இருக்கும். நான் கொண்டுபோனது ஒரு முழு வஞ்சர மீன்.

பெசன்ட் நகர் கடற்கரையில் அக்கா தள்ளுவண்டியில் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். மாமா செத்த பிறகு அந்த வண்டிதான் அவளுக்குச் சோறு. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி, ஓட்டல், கல்யாணச் சமையல் என்று ஊர் ஊராகப் போவேன். உடம்புக்கு முடியாவிட்டால் அவளிடம் வருவேன். அந்த முறை மஞ்சள் காமாலையோடு வந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மூன்று நாள் கடை போடாமல் என் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தாள்.

அந்த மூன்று நாளில்தான் அதிகாரிகள் வந்து கடற்கரைக் கடைகளைக் கணக்கெடுத்துப் போனார்கள். பட்டியலில் பேர் இருந்தால் புதிதாகக் கட்டும் கடைகளில் ஒன்று கிடைக்கும். இல்லாதவர்கள் வண்டியை எடுத்துவிட வேண்டும். அக்காவின் பேர் விட்டுப்போயிற்று. மனு கொடுத்தாள். அதை விசாரிக்க வேண்டிய அதிகாரி அவளுக்குத் தெரிந்தவராக இருந்தார்.

வாரம் ஒரு சாயங்காலம் அவர் வருவாராம். ஆபீஸ் அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் கடலைப் பார்த்து நின்று இரண்டு துண்டு வஞ்சரம் சாப்பிடுவார். காசு கொடுக்காமல் போனதில்லை. கூச்சக்காரர் என்று அக்கா நினைத்திருந்தாள். கணக்கெடுப்புக்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

"வெறுங்கையோட போவாத யக்கா. எதுனா வெச்சாத்தான் பேப்பரு நவுரும்" என்றான் பக்கத்துக் கடைக்காரன்.

"காசு நீட்னா மூஞ்சி சுளிப்பாரு. நம்ம மீனுன்னா அவருக்கு உசுரு" என்றாள் அக்கா.

எங்கள் மீனவ ஆட்களிடம் முழு மீனைத் தலையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது பெரிய மரியாதை. சம்பந்தி வீட்டுக்கு அப்படித்தான் போகும். விடியற்காலையில் படகு வரும்போதே போய், அவளே பார்த்து எடுத்து வந்தாள்.

"ஞாயித்துக்கெழம, வூட்ல எல்லாரும் இருப்பாங்கோ. தலைய கொயம்புக்கு வெச்சிக்கச் சொல்லு" என்று சொல்லி என்னை அனுப்பினாள். அவள் கடையை விட்டு வர முடியாது. எனக்கும் அப்போது உடம்பு தேறியிருந்தது.

அதிகாரிக்கு மந்தைவெளியில் மாடி வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"யாரு? அவர் குளிச்சிண்டிருக்கார்."

"பீச்சுல மீன் கடை அக்கா குடுத்துவுட்டாங்கம்மா. வஞ்சரம்."

"மீனா? எங்காத்துல அதெல்லாம் தொடமாட்டோமே. வேற யாராத்துக்கோ கொண்டுவந்திருக்கேள் போலருக்கு" என்றார். கோபமில்லை. லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

அப்போதே திரும்பியிருக்கலாம். வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொன்னால் முடிந்துபோயிருக்கும். எனக்கோ அக்காவின் வேலை முடிய வேண்டும்.

"இல்லம்மா, சாருக்குத்தான். வாராவாரம் நம்ம வண்டிலதான் சாப்புடுவாரு. மனு விசயமா கொஞ்சம் பாத்துக்கச் சொன்னாங்க."

உள்ளே நாற்காலியில் இருந்த பெரியவர் பேப்பரை இறக்கினார். "யாருடா அது?" என்றார், என்னைப் பார்த்தல்ல. ஈரத் தலையோடு அதிகாரி வந்து நின்றிருந்தார். என் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மீன் வாலைப் பார்த்தார். நாற்காலியிலிருந்த தன் அப்பாவைப் பார்த்தார்.

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார். அது உண்மை. என்னை அவர் பார்த்ததே இல்லை. பிறகு, உள்ளே கேட்க வேண்டும் என்பதற்காகவே குரலை உயர்த்தினார். "மனுவைப் பாஸ் பண்ண லஞ்சமா? இல்லாததும் பொல்லாததும் சொல்லிண்டு ஆத்து வாசலுக்கே வந்துட்டேளா?" மனைவி என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டார் முன்னால் அப்படிச் சொன்ன பிறகு அவர் அதை மனுவிலும் எழுதியாக வேண்டும். எழுதினார். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். கையூட்டு கொடுக்க முயன்றதால் மனு தள்ளுபடி.

"கையூட்டுன்னா இன்னாடா?"

"லஞ்சம்."

"மீனா லஞ்சம்?" என்று கேட்டாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

வண்டியை எடுக்க ஆள் வந்த அன்று, மீன் வறுக்கிற கல்லையும் கரண்டியையும் மட்டும் இறக்கி மணலில் வைத்துக்கொண்டு நின்றாள். இப்போது வேறொருவர் கடையில் காலையிலிருந்து மீன் வெட்டுகிறாள். விரலெல்லாம் முள் கிழித்த கோடுகள்.

வாராவாரம் வண்டியில் சாப்பிடுவார் என்று அந்த வாசலில் நான் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. அந்த வீட்டில் மீன் தொடமாட்டார்களாம், மீனைப் பார்த்ததும் அந்த ஆள் கத்தினார் என்று மட்டும் சொன்னேன். "அவுங்க வூட்ல துன்ன மாட்டாங்கன்னு தெர்யாம பூட்ச்சே. தப்பு எம்மேலதான்" என்றாள். அதையே நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவது என்றுதான் சென்னைக்கு ரயில் ஏறுகிறேன். சோறு போட்டு எதிரில் உட்காருவாள். "உன்ன அந்த வூட்டு வாசல்ல நிக்க வெச்சி அசிங்கப்படுத்திட்டேன்டா" என்பாள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்துவிடுகிறேன்.