ஒருசந்தி தந்த தூக்கம்

என் குறட்டையை நான் கேட்டதில்லை. கேட்டவள் என் மனைவி. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரரும் கேட்டிருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர்தான். காலையில் பல் துலக்க வெளியே வந்தால், "என்ன அண்ணாச்சி, மெயின்லேண்ட் கப்பல் வந்து ஊதுதுன்னு எந்திரிச்சு உக்காந்துட்டோம்" என்பார். நானும் சிரிப்பேன். என் மனைவி மட்டும் சிரிக்கமாட்டாள்.

அப்போது நான் போர்ட் பிளேரில் சர்க்கார் போட்டில் சரங்காக இருந்தேன். சாத்தாமுக்கும் பம்பூ பிளாட்டுக்கும் நடுவே ஆட்களை ஏற்றி இறக்கும் போட் அது. சுக்கான் பிடிப்பது என் வேலை. ஆபீஸ் போகிறவர்கள், காய்கறிக் கூடைக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் வருவார்கள். முத்துக்குளித்துறையில் எலும்பும் தோலுமாக வலை இழுத்துக்கொண்டிருந்த எனக்குக் கர்த்தர் இப்படி ஒரு வேலை கொடுத்தாரே என்று தினமும் நன்றி சொல்வேன். ரேஷன் அரிசிக்குக் குறைவில்லை. மீன் கொண்டுவந்து கொடுக்க நம் ஆட்கள் இருந்தார்கள். தேங்காய் கேட்பாரில்லாமல் கிடந்தது. உடம்பு வைத்தது. சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட முடியாமல் போனது. லீவில் ஊருக்குப் போனபோது, "அந்தமான் தண்ணி நல்லா ஒத்துக்கிட்டு" என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் காலையில் எழுந்தால் தலை கல்லாகக் கனக்கும். இரவெல்லாம் படுத்தவன் பொழுது விடிந்ததும் மறுபடி படுக்கத் துடிப்பேன். செபமாலை சொல்லும்போது பாதி அருள்நிறை மந்திரத்தில் தலை தொங்கிவிடும். பூசையில் பிரசங்கம் தொடங்கும் முன்பே கண் சொருகும். பிசாசின் சோதனை என்று நினைத்து முழங்காலில் நின்று பார்த்தேன். முழங்காலிலேயே தூங்கினேன்.

"தூங்குதிய, ஆனா அது தூக்கமில்ல" என்றாள் என் மனைவி. "அரம் வச்சு ராவுற மாதிரி சத்தம் வரும். அப்புறம் ஒண்ணுமே இருக்காது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், காத்து போவாது. நான் தோள்ல குத்துவேன். முங்கி எந்திரிச்சவன் மாதிரி ஒரு இழுப்பு இழுப்பிய. அதுவரைக்கும் என் உசிரு என்கிட்ட இல்ல."

தலையணைக்கடியில் மாதா சுரூபம் வைத்தாள். கட்டிலைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தாள். பகலில் நான் சோர்ந்து கிடப்பதைப் பார்த்து, சத்து போதவில்லை என்று பாலில் முட்டை அடித்துக் கொடுத்தாள். நானும் மறுக்காமல் குடித்தேன்.

ஒருநாள் மத்தியானம். கடல் தகரம் போலக் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் போட்டில் நிறைந்திருந்தார்கள். சுக்கானைப் பிடித்தபடி நின்றது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. "சரங் ஸாப்! ஆங்க் கோலோ!" என்று யாரோ இந்தியில் கத்த, கண்ணைத் திறந்தால், என் கைக்கு மேல் இன்னொரு கை சுக்கானை வளைத்துக்கொண்டிருந்தது. கயிறு பிடிக்கும் லாஸ்கரின் கை அது. ராஞ்சிக்காரர், என்னைவிட மூத்தவர், எங்கள் கோயிலுக்குத்தான் வருவார். மில்லுக்குப் போகும் மரக்கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி மிதக்கவிட்டிருந்தார்கள். அதை உரசிக்கொண்டு போட் விலகியது. பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துக் கூச்சல் போட்டார்கள். ஒரு பொடியன், "ஃபிர் ஸே, ஃபிர் ஸே!" என்றான். மறுபடி இடிக்கச் சொல்லுகிறான்.

ராஞ்சிக்காரர் ஆபீசில் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் பக்கத்திலேயே நின்று, அந்தத் தீவுகளின் இந்தியில் ஏதாவது பேசிக்கொண்டே வருவார். நான் பதில் சொல்லத் தாமதித்தால் விலாவில் இடிப்பார். "அந்தப் பிள்ளைகளில் ஒன்று தண்ணீரில் போனால் நீயும் நானும் எந்தச் சாமியாரிடம் போய் அழுவது?" என்று ஒருமுறை கேட்டார்.

தவக்காலம் தொடங்கும் விபூதித் திருநாள் வந்தது. நான் கோயில் பீடத்துக்கு முன்னால் போய் நேர்ந்துகொண்டேன். தவக்காலம் முழுக்க ஒருசந்தி. மத்தியானம் ஒருவேளை கஞ்சியும் கீரையும், இரவில் வெறும் தண்ணீர். இந்த நோவை எடுத்துப்போட்டால், தவக்காலம் தீர்ந்து பாஸ்கா முடிந்ததும் மாதா பேரில் அசனம் போடுகிறேன் என்று சொன்னேன். எங்கள் கரைக்காரருக்கு அசனம் என்றால் சின்ன விஷயமில்லை. கிடா வெட்டி, சோறாக்கி, வந்தவர்களுக்கெல்லாம் இலை போட வேண்டும்.

முதலில் பசிதான் தெரிந்தது. பிறகு கால்சட்டை தளர்ந்தது, பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டேன். குருத்து ஞாயிறு நெருங்கும்போது ஒருநாள் காலை கண் விழித்தேன். தலையில் கனமே இல்லை. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் கண் கூசவில்லை. என் மனைவி பக்கத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமான பிறகு எனக்குப் பின்னால் அவள் எழுந்தது அன்றைக்குத்தான். பெரிய வெள்ளி முழுக்கக் கோயிலில் இருந்தும் கண் அசரவில்லை. மாதாவின் புதுமை நடந்துவிட்டது என்று நான் அழுதேன்.

அசனம் போட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் இலைக்கு இலை வந்து, "நேர்ச்சைக்காரர் சாப்பிடாம இருந்தா மாதாவுக்குக் குறை, இன்னும் ரெண்டு துண்டு வைங்க" என்று என் இலையில் குவித்தார். என் மனைவியும், "கன்னம் ஒட்டிப் போச்சே" என்று அதற்கப்புறம் தினமும் ஒரு பங்கு கூட வைத்தாள். குணமான உடம்புதானே என்று சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் எல்லாம் திரும்பி வந்தது. தலைக் கனம், பகல் தூக்கம், அவள் தோளில் குத்துவது. ராஞ்சிக்காரர் மறுபடி விலாவில் இடிக்கத் தொடங்கினார்.

அந்த நாட்களில் நான் பட்ட வேதனை உடம்பு வேதனை அல்ல. கொடுத்ததை ஆண்டவர் ஏன் திரும்ப எடுத்தார்? அசனத்தில் குறை வைத்தேனா? பந்தியில் யாரையாவது விட்டுவிட்டேனா? பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார், "பாஸ்காவுக்கு அப்புறம் என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார். பாவம் கேட்பார் என்று போனவனிடம் சாப்பாட்டைக் கேட்கிறாரே என்று விழித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போ என்று அனுப்பினார்.

டாக்டர் மெட்ராஸ்காரர். என் கழுத்தைப் பிடித்துப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்தார். "கழுத்துல வெளிய தெரியிற சதை உள்ளயும் இருக்குங்க. படுத்தா தொண்டை தளர்ந்து வழியை அடைச்சிடுது. நடுவுல இளைச்சீங்களா?"

"தவக்காலத்துல இளைச்சேன் டாக்டரய்யா. அப்ப நல்லா இருந்தது."

"அப்போ அதையே செய்யுங்க. பட்டினி வேணாம், மூணு வேளையும் கொஞ்சமா சாப்பிடுங்க. தேங்காயும் சோறும் பாதியா குறையணும். இளைச்சா குறையும். முழுசா போயிடும்னு நான் எழுதிக் கொடுக்கமாட்டேன்."

இன்றைக்கு இதற்குப் பெயரெல்லாம் சொல்கிறார்கள். அவர் பெயர் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, "அப்ப மாதா செய்யலியா, கஞ்சிதான் செஞ்சுதா?" என்று என் மனைவியிடம் கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அந்தக் கஞ்சியக் குடிக்கத் தெம்பு யாரு குடுத்தா? சும்மா கெடங்க" என்று சொல்லிவிட்டு, தேங்காய்த் துருவியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள்.

அடுத்த நாள் ஆபீசில் போய் உள்ளதைச் சொன்னேன். வேறொரு சரங்கைப் போட்டார்கள். நான் கயிறு பிடிக்கப் போனேன். குடித்துவிட்டுப் போட்டை இடித்ததால் இறக்கிவிட்டார்கள் என்று படகுத்துறையில் பேச்சு. விருந்துக்குக் கூப்பிட்ட வீடுகளில் பாதி இலையோடு எழுந்தால், "ஏன், எங்க கை சோறு கசக்குதோ?" என்றார்கள். கல்யாண வீடுகளுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். தவக்காலத்தில் பட்டினி கிடந்தால் புண்ணியம் என்பார்கள், சாதாரண நாளில் குறைத்துச் சாப்பிட்டால் கஞ்சன் என்பார்கள். உடம்பு இறங்க நாளானது. ஆனால் இறங்கியது.

கடைசியில் ஆபீசில் கூப்பிட்டு, திங்கட்கிழமை முதல் சுக்கானுக்கு வா என்றார்கள். எவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன். ஓடிவந்து என் மனைவியிடம், "இப்ப மூச்சு நிக்குதா இல்லியா, சரியாச் சொல்லு" என்றேன்.

அவள் விழித்தாள். "எனக்கு எப்படித் தெரியும்? சத்தம் கொறஞ்சதுல நானும் நல்லா தூங்கிருதேனே."

இருந்த ஒரே சாட்சியும் தூங்கிவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து, மத்தியானம் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டுக் தைக்க வேண்டிய கிழிந்த சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். ஊசியைக் குத்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"முன்ன மாதிரி இல்ல. நெசமாவே இல்ல. ஆனா ரெண்டொரு தடவ நின்னுச்சு. குத்த வேண்டி வரல, தன்னால வந்துட்டு."

டாக்டரிடம் கேட்டிருந்தால், போதும், போ என்றிருப்பாரோ என்னவோ. எனக்கு அந்தப் பொடியன் "ஃபிர் ஸே" என்று கத்தியதுதான் காதில் விழுந்தது. ஒருமுறை குணமாகிவிட்டது என்று நம்பி இலை போட்டவன் நான்.

திங்கட்கிழமை போய், இன்னும் கொஞ்சம் இளைக்க வேண்டும், பிறகு வருகிறேன் என்றேன். "பாகல் ஹோ க்யா?" என்று கிளார்க் சிரித்தார். பைத்தியமா என்று கேட்டுவிட்டு, சம்பளமும் லாஸ்கர் சம்பளம்தான் என்று ஞாபகப்படுத்தினார். சரி என்றேன். ராஞ்சிக்காரர் கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

போட் கிளம்பியது. பிள்ளைகளுக்கும் போட்டின் ஓரக் கம்பிக்கும் நடுவில் நின்றுகொண்டேன். வழி முழுக்கக் கண் அசரவில்லை, தூக்கம் வரவுமில்லை. அதற்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அந்த அசனம் ஞாபகம் வந்தது, பயத்தில் சொல்லவில்லை.