பத்தாம் நம்பர் பனியன்

போன வாரம் ஒரு போர்டுக்கு ஆணி அடித்தேன். 'இங்கே பந்து விளையாடக் கூடாது.' பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வாட்ச்மேனாக இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில்தான். குடியிருப்புச் சங்கச் செயலாளர் சொன்னார், அடித்தேன். அடித்த பிறகுதான் இடம் பிடிபட்டது. வடக்குக் கோல் போஸ்ட் நின்ற இடம். கனகராஜ் பந்து பந்தாக உள்ளே தள்ளிய இடம்.

முன்பு இது மில் கிரவுண்டு. மில்லுக்கு ஃபுட்பால் டீம் இருந்தது. எங்களுக்குப் பேருக்குத்தான் மில் வேலை. மெஷினைத் தொட வேண்டாம். பந்து ஆடினால் போதும், சம்பளம் வரும். பிராக்டீஸ் முடிந்தால் கேன்டீனில் அவித்த முட்டை. இப்போதும் முட்டை வேகிற வாசம் வந்தால் எனக்குக் கால் பரபரக்கும். இந்தத் தொப்பையோடு. சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் பின்னால் நின்று தடுப்பவன். கோல் போடுவது கனகராஜ். பத்தாம் நம்பர் பனியன் அவனுக்கு. மேட்ச் முடிந்ததும் பனியனைத் துவைத்து ஸ்டோரில் கொடுத்துவிட வேண்டும். ஊருக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

"ஒரு நாளாச்சும் இதப் போட்டுட்டு ஊட்டுக்குப் போயி எங்கம்மாகிட்டக் காட்டோணும்டா" என்பான்.

தொண்ணூறுகளின் நடுவில் டீமைக் கலைத்தார்கள். மெஷினில் நில், இல்லாவிட்டால் போ என்றார்கள். நான் நின்றேன். அவன் நிற்கவில்லை. போகும்போது மில் அதிகாரியிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஏனுங்க சார், டீமே இல்லீங்களே. இந்தப் பனியன நானே வெச்சுக்கட்டுங்களா?"

"அது மில்லு சொத்துப்பா. வெச்சுட்டுப் போ."

தேய்த்து மடித்து வைத்துவிட்டுத்தான் போனான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அப்புறம் பட்டாளத்தில் பந்தாட்டக்காரர்களை எடுத்தார்கள். கிளம்பும்போது சிரித்தான்.

"சண்டைக்கெல்லாம் நம்மள அனுப்ப மாட்டாங்கடா. பந்து வெளையாடத்தான் கூப்புடறாங்க. அங்கயும் முட்டை உண்டாமா!"

நானும் நம்பினேன். பந்தாடுகிறவன் மெஷினைத் தொட வேண்டாம் என்று பழகியவர்கள் நாங்கள். துப்பாக்கியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம்.

தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை. மலைமேல் ஏறச் சொன்னார்கள். ஏறினான். பெட்டியில் வந்தான்.

அன்றைக்கு அதே மில் அதிகாரி அவன் வீட்டுக்குக் காரில் வந்தார். கூடவே ஒரு போட்டோக்காரர். பழைய டீமை வரிசையில் நிறுத்தினார். பையிலிருந்து பத்தாம் நம்பர் பனியனை எடுத்து என் கையில் கொடுத்தார். அந்துருண்டை நாற்றம். கழுத்தில் பூச்சி அரித்திருந்தது.

"பெட்டி மேல போத்துப்பா. போட்டோ எடுக்கோணும். நம்ம மில்லுப் பையனாச்சே."

நான் அசையவில்லை. கனகராஜின் அம்மா நிமிர்ந்து பார்த்தது.

"என்ன கண்ணு அது?"

"அவன் பனியனுங்கம்மா."

"அவன் கேட்டப்பக் குடுக்கலியாமா?"

அந்த அம்மா அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டது.

"எடுத்துட்டுப் போயிருங்க சாமி. உங்க சொத்துங்க. தொலஞ்சுபோட்டா எம்பையனத்தானுங்க கேப்பீங்க."

மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். போட்டோ எடுக்கவில்லை.

அப்புறம் மில்லையே மூடிவிட்டார்கள். கிரவுண்டை விற்றார்கள். கோல் போஸ்ட் பழைய இரும்புக்குப் போனது. ஸ்டோர் ரூம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அந்தப் பனியனை எந்தக் குப்பையோடு அள்ளிக் கொட்டினார்களோ.

சொத்தாம், சொத்து.