எடுத்ததைக் காட்டுங்கள்

அந்தப் பிளாஸ்டிக் டப்பா இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆபரேஷன் அறைக்கு வெளியே அதை என் கையில் கொடுத்த நர்ஸ், “அம்மா, லேபுல குடுத்துட்டு வந்துடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏதோ தண்ணீரில் வெளுத்த சதைத் துணுக்குகள் மிதந்தன. புராஸ்டேட் என்ற சுரப்பி வீங்கி, சிறுநீர் அடைத்துத் துடித்த என் வீட்டுக்காரருக்கு, சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்தவை அவை. டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி வைத்திருப்பவர்களுக்கு எடை பார்க்கும் இந்தப் புத்தி தானாக வரும். முதலாளி பட்டு நூலையும் ஜரிகையையும் நிறுத்துத்தான் கொடுப்பார். சேலையைக் கொண்டுபோகும்போது கழிவு நூலையும் கூடவே கொண்டுபோய் நிறுத்துக் காட்ட வேண்டும். கழிவைக் காட்டாதவன் சொல்லை எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. எங்கள் வீட்டில் அந்த எடை என் பொறுப்பு. ஒரு நாளும் குறைந்ததில்லை.

“அடைச்சிருந்ததை எல்லாம் எடுத்தாச்சும்மா” என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். சில வருடங்களில் மறுபடி அடைத்தது. மறுபடி சுரண்டினார்கள், மறுபடி ஒரு டப்பா, அதே பேச்சு. இரண்டு தடவையும் கெட்டது எதுவும் இல்லை என்று லேபில் சொன்னார்கள். அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, ஊசியால் சதை எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள்.

சென்னையில் பெரிய டாக்டர் எதிரில் போய் உட்கார்ந்தோம். நான்தான் கேட்டேன். “ரெண்டு தபா எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னாங்க. இப்ப எதுல வந்துச்சு? அவங்க பொய் சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?”

“கோவிச்சுக்காதீங்க சார்” என்றார் என் வீட்டுக்காரர். “பட்டு நிறுத்துப் பழகின கை. சாமி வரம் குடுத்தாலும் தராசுல வச்சுதான் வாங்குவா.”

டாக்டர் கோபிக்கவில்லை. “ஆரஞ்சுப் பழம் மாதிரிம்மா. அப்ப எடுத்தது உள்ள இருந்த சுளை. தோல் அப்படியே இருந்துச்சு. அதுலதான் இப்ப வந்திருக்குது. மொத்தமா எடுத்துடணும்.” வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு எடுப்பார்களாம். முன்பு சுரண்டிய இடம் ஒட்டிக்கொண்டிருக்கும், வேலை கஷ்டம், அப்புறம் சிறுநீர் கசியலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

விரல் நுழையாத ஓட்டையில் பழம் எப்படி வரும்? எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவருக்கோ வேறு கவலை. “செத்தா ஒரு தபா. தறிக்குழியில வேட்டியை நனைச்சுக்கினு உக்காந்திருக்கறது தினம் தினம்” என்று பஸ்ஸில் சொன்னார். வேண்டாம் என்று முடிவுகட்டிவிட்டார் என்பது தெரிந்தது.

“நனைஞ்சா தோய்ச்சுப் போட நான் இருக்கறேன். தோய்க்க வேட்டி வேணும்னா அதைக் கட்டறதுக்கு ஆள் இருக்கணும்” என்றேன். ஊர் வந்து இறங்கும்போது சரி என்றார் அவர். எடுத்ததை என் கண்ணில் காட்ட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் நானும் சரி என்றேன்.

ஆபரேஷன் முடிந்ததும் கூப்பிட்டுக் காட்டினார்கள். தட்டில் எலுமிச்சை அளவுக்கு ஒரு சதை உருண்டை. தொப்புள் பக்கத்து ஓட்டையை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி, பையில் போட்டு இழுத்தார்களாம். குனிந்து பார்த்தேன்.

“நடுவுல ஏன் பள்ளமா இருக்குது?”

“முன்னாடி ரெண்டு தடவை சுரண்டினாங்களேம்மா, அந்த இடம்தான்.”

அந்த இரண்டு டப்பாவிலும் பார்த்ததை மனசுக்குள்ளேயே அந்தப் பள்ளத்தில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. பழைய டாக்டரை அதற்கப்புறம் நான் ஏசவில்லை.

வீட்டுக்கு வந்து, உடம்பு தேறித் தறியில் உட்கார்ந்ததும், “ஈரமே இல்ல” என்றார். அதையும் நம்பவில்லை. அவர் சாப்பிட எழுந்த நேரம் பார்த்து, அவர் உட்காரும் பலகையில் மடித்துப் போட்ட துணியைத் தொட்டேன். நனைந்திருந்தது. வேறு துணி மாற்றிப் போட்டேன். மாதக்கணக்கில் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் துணி காய்ந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் டப்பா கிடையாது. பரிசோதனைக்குப் போனால் சின்னக் குழாயில் ரத்தம் எடுக்கிறார்கள். பிறகு, “ஒண்ணும் இல்லம்மா” என்கிறார்கள். இருப்பதை நிறுத்துப் பார்க்கலாம். இல்லாததை எந்தத் தராசில் வைப்பது? அதனால் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழாயைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன்.

சட்டைக் கையை இறக்கிக்கொண்டே, “இன்னாமே, எடை சரியா இருக்குதா?” என்பார் அவர்.

“இப்ப சொல்ல முடியாது” என்பேன். “அடுத்த தபாவும் பாக்கணும்.”